மகளை எந்த மொழியில் கூப்பிடுவது

எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அன்று நான்கு பேர் இருந்தோம். நான், என் கணவர் குகன், மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வரும் ரேச்சல், ரேச்சலுக்கு மேற்பார்வையாளரான ஹெலன். தேநீர் ஆறிப்போயிருந்தது. நான் காலையிலேயே பொரித்து வைத்த கட்லட்டை ஒருவரும் தொடவில்லை.

மகள் மதுரா யன்னலருகே நிலத்தில் இருந்தாள். ஒரு போத்தல் மூடியைச் சுழற்றிவிட்டு, அது தள்ளாடி விழும்வரை கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாலு வயது ஆகப்போகிற நேரம். வெளியே ஸ்காபரோவின் தெருக்களில் பனி கரைந்து கறுத்த சேறாய்க் கிடந்தது.

“எனக்குத் தமிழ் வேண்டும்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குளியலறைக் கண்ணாடி முன் நின்று பழகிவைத்த பேச்சு நீளமானது. வாயில் வந்தது அவ்வளவுதான்.

ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார். “எதற்குத் தமிழ்?”

“எல்லாவற்றுக்கும்.”

மேசைக்குக் கீழே குகன் என் காலை மெல்ல மிதித்தார். அவருடைய பயம் எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளையை ஒரு கதிரையில் இருக்கவைத்த மனிதர்கள் இவர்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால் நாங்கள் யாரிடம் போவது?

வீட்டில் ஒரு மொழி போதும்

அந்த மேசைக்கு எப்படி வந்தோம் என்பதைச் சொல்லவேண்டும்.

இரண்டு வயதில் மதுரா தன் பேருக்குத் திரும்பமாட்டாள். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். ஆனால் குசினியில் சிப்ஸ் பக்கற்றைத் தொட்டால் படுக்கையறையிலிருந்து ஓடிவருவாள். காதைச் சோதித்தார்கள். காதில் குறையில்லை. வாசலில் கிடக்கும் சப்பாத்துகளை எல்லாம் சுவர் ஓரமாக வரிசை வைப்பாள். ஒரு சோடியை நான் எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனால், அவள் கத்துகிற கத்தலில் வீடு அதிரும்.

கடைசியில் ஒரு மருத்துவர் ஓட்டிசம் என்றார். அந்தச் சொல்லுக்கு எங்களிடம் தமிழ் இருக்கவில்லை. சொந்தக்காரரிடம் “கதைக்கப் பிந்துது” என்று மட்டும் சொல்லி வைத்தேன். “பொம்பிளைப் பிள்ளையள் பிந்தாதே” என்று அவர்கள் யோசித்தார்கள்.

மருத்துவர் நல்ல மனிதர். நான் அழுது முடியும்வரை கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். போகும்போது ஓர் அறிவுரை சொன்னார். வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், பிள்ளை குழம்பும், ஆங்கிலம் மட்டும் போதும்.

அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து வந்த பல குடும்பங்களுக்கு இதைத்தான் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை என்று கேள்விப்படுகிறேன். போன கிழமை நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஓர் இளம் தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “அன்ரி, நீங்கள் மகளோடை எந்தப் பாஷையிலை கதைச்சனீங்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த அத்தியாயம்.

என்னிடம் அப்போதிருந்த ஆங்கிலம், முன்பு வேலைசெய்த தையல் தொழிற்சாலையில் பொறுக்கிய ஆங்கிலம். வா, இரு, சாப்பிடு, வேண்டாம். அதற்குமேல் போனால் வசனம் நொண்டும்.

ஒரு தாய் பிள்ளையோடு பேசுவதில் முக்கால்வாசி அர்த்தமில்லாத பேச்சு. என்ரை குஞ்சு, என்ரை பவுன், ஆர் இந்த வண்டி வயித்தை இவ்வளவு பெரிசாக்கினது, இந்தக் காலை நான் கடிச்சுத் தின்னப்போறன். குளிக்கவார்க்கும்போது வாய் தானாக ஓடும் பேச்சு அது. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் பேசாமல் குளிக்கவார்த்தேன். பேசாமல் சீப்பால் தலை இழுத்தேன். பேசாமல் சோறு தீத்தினேன்.

குகன் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் காலை வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் நாலு சொல் பேசுவார், பிறகு தொலைக்காட்சியைப் பார்ப்பார்.

“வீட்டிலையும் ஷிப்ட் செய்யிற மாதிரிக் கிடக்கு” என்றார் ஒருநாள்.

சின்ன மேசை, சின்னக் கதிரை

மருத்துவரின் வரவேற்பறையில் ஒரு கனேடியத் தாயைச் சந்தித்தேன். அவருடைய மகனும் மதுராவைப் போல. அவர் ஒரு வீடியோ கசற்றைத் தந்தார். அதில் ஒரு சிறு பிள்ளை ஓர் இடத்தில் நிற்க முடியாமல் ஓடுகிறது. அதே பிள்ளை பல மாதப் பயிற்சிக்குப் பிறகு மேசை முன் இருந்து படத்தைத் தொட்டுக் காட்டிப் பேர் சொல்கிறது. நானும் குகனும் அந்தக் கசற்றைத் தேயும்வரை பார்த்தோம்.

அரசாங்கம் இதற்கென்று எதையும் அப்போது எங்கள் பக்கம் தொடங்கியிருக்கவில்லை. தாய் தகப்பன்மார்தான் பல்கலைக்கழக மாணவர்களைத் தேடிப்பிடித்து, பயிற்சி உள்ள ஒருவரை மேற்பார்வைக்கு வைத்து, வீட்டிலேயே நடத்தினார்கள். பிள்ளை சின்னதாக இருக்கும்போதே தொடங்கவேண்டும். கிழமை முழுதும், காலையும் மாலையும் நடத்தவேண்டும். நாங்கள் வீடு வாங்கும் பேச்சை நிறுத்தினோம். குகன் சனிக்கிழமையும் வேலைக்குப் போனார்.

அப்படி வந்தவள்தான் ரேச்சல். உளவியல் படிக்கும் மாணவி. விட்பியிலிருந்து ஒரு பழைய சிவப்புக் காரில் வருவாள். குளிரில் அந்தக் கார் இயங்க மறுத்தால் ரயிலும் பஸ்ஸும் பிடித்து, மூக்கு சிவந்து வந்து நிற்பாள். ஒருநாளும் வராமல் விட்டதில்லை.

முறை இதுதான். ஒரு வேலையை மிகச் சிறிய துண்டுகளாக உடைப்பது. ‘கைதட்டு’ என்று ஆங்கிலத்தில் சொல்வாள். பிள்ளை தட்டாது. ரேச்சல் அவளுடைய கைகளைப் பிடித்துத் தட்டிவிடுவாள். உடனே புகழ்ச்சி, ஒரு சிப்ஸ் துண்டு. திரும்பவும் கைதட்டு. கொஞ்சம் கொஞ்சமாக உதவியைக் குறைப்பாள். பிள்ளை தானாகச் செய்யும்வரை அது நடக்கும்.

எழுத இலேசாக இருக்கிறது. முதல் கிழமைகளில் மதுரா அழுத அழுகை இலேசானதல்ல. என்னைக் குசினியை விட்டு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின கோப்பையையே கழுவிக்கொண்டு நிற்பேன். விடுமுறையில் நின்ற குகன் ஒருநாள் ஜக்கற்றை மாட்டிக்கொண்டு வெளியே போய், கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு வந்தார்.

“நிப்பாட்டுவம். உது பாடமோ, தண்டனையோ?” என்றார்.

“இன்னும் கொஞ்ச நாள் பாப்பமப்பா.”

“நீர் கல்லுப் போலை நிக்கிறீர்.”

நான் கல்லாக நிற்கவில்லை. கதவிடுக்கால் பார்த்திருந்தேன். மதுரா கத்தும்போது ரேச்சல் குரலை உயர்த்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுடைய கண்ணும் ஈரமாக இருந்தது. அழுகை தணிந்ததும் முன்னதைவிடச் சின்னதாய் ஒன்றைக் கேட்டாள். அதைப் பார்த்துத்தான் நான் பொறுத்தேன்.

இந்த முறையைப் பற்றி இன்று பல வாதங்கள் உண்டு. சின்ன வயதில் இதற்குள் இருந்த சிலர், வளர்ந்தபின் அது தங்களை நோகடித்தது என்று எழுதுகிறார்கள். நான் அவற்றை மரியாதையோடு படிக்கிறேன். என் வீட்டில் நான் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கண்டது இது. ஒரு காலை, கழுவின கையை உதறித் தட்டியபடி குசினியால் வந்தேன். எங்கள் வீட்டு மண்டபத்தின் மறுமூலையிலிருந்து மதுரா என் கையைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைத் தூக்கித் தட்டினாள். ரேச்சல் பக்கத்தில் இல்லை, சிப்ஸும் இல்லை. நான் திரும்பத் தட்டினேன். அவளும் தட்டினாள். கொஞ்சநேரம் நாங்கள் இரண்டு பேரும் வேறொன்றும் செய்யவில்லை.

பிறகு சொற்கள் வந்தன. ஜூஸ் என்றாள். பபுள் என்றாள். ஆனால் ரேச்சலிடம் மட்டும். அதே கேள்வியை நான் என் ஆங்கிலத்தில் கேட்டால் மதுரா போத்தல் மூடியைப் பார்த்தாள். அவளுடைய காதுக்கு நான் பேசியது ஆங்கிலமாகவே படவில்லை. மத்தியானம் ரேச்சல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு லிப்ற்றில் இறங்கினால் வீட்டில் பேச்சு முடிந்துவிடும்.

மேசைக்குத் திரும்புவோம்

ஹெலன் யோசித்துச் சொன்னார். “இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள். இந்த நேரத்தில் மொழியை மாற்றினால் வந்த சொல்லும் போகக்கூடும்.”

என் ஆங்கிலம் தீர்ந்துவிட்டது. குகனைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். “இதை அப்பிடியே சொல்லுங்கோ. ரேச்சல் இன்னும் கொஞ்சக் காலம் வருவா. பிறகு படிப்பை முடிச்சுத் தன்ரை வேலையைப் பாத்துப் போயிடுவா. பிள்ளை என்னோடைதான் இருக்கும். என்னோடை கதைக்க அவளுக்கொரு பாஷை வேணும். எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான்.”

குகன் மொழிபெயர்த்தார். பாதியில் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு மீதியையும் சொன்னார். நான் சொல்லாத ஒன்றையும் கடைசியில் சேர்த்தார். “எனக்கும்தான்” என்று.

என் காலை மிதித்த அதே மனிதர்.

ஹெலன் நிலத்தில் கிடந்த மதுராவை நெடுநேரம் பார்த்தார். “நான் இதைச் செய்ததில்லை. செய்த யாரையும் எனக்குத் தெரியாது. கோடை வரைக்கும் செய்து பார்ப்போம். அவள் பின்னுக்குப் போனால் நிறுத்துவதற்குச் சம்மதமா?”

“ஓம்” என்றேன். அதை ஒருவரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ரேச்சல் அப்போதுதான் ஒரு கட்லட்டை எடுத்தாள். வசந்தி என்ற என் பேர் அவளுடைய வாயில் எப்போதும் நீளும். “வசாந்தி, இதற்குத் தமிழில் என்ன?”

“கட்லட்.”

“அப்படியென்றால் எனக்கு ஒரு சொல் தெரியும்” என்றாள். ஹெலனும் சிரித்துவிட்டார்.

வாவா, வாங்கோவா

அடுத்த சண்டை எனக்கும் குகனுக்கும்.

எங்கள் ஊரில் செல்லப் பிள்ளைகளை வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தால்தான் வா, இரு. ஹெலனின் விதியோ கண்டிப்பானது. ஒரு காரியத்துக்கு ஒரு சொல்தான், வீட்டில் எல்லோரும் அதையே சொல்லவேண்டும்.

“எங்கடை வீட்டிலை பிள்ளையளை வா போ எண்டு கதைக்கிறேல்லை” என்றார் குகன்.

“சின்னச் சொல்லெண்டால்தான் பிள்ளை கெதியாப் பிடிக்கும். மரியாதையைப் பிறகு பழக்குவம்.”

வா, இரு, தா, பார் என்று முடிவானது. தண்ணீரா தண்ணியா என்பதற்கு இன்னொரு மாலை போனது. தண்ணி வென்றது.

ரேச்சல் அந்தச் சொற்களைக் காரில் வரும்போது சத்தமாகச் சொல்லிப் பழகினாள். ‘தா’ அவளிடம் ‘டா’ ஆனது. தண்ணி ‘டண்ணி’ ஆனது. மதுராவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. விடுமுறை நாட்களில் கடைக்குப் போய்வரும் குகன், எங்கள் மண்டபத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை “இரு, மதுரா, இரு” என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நிற்பார்.

ஹெலன் என்னையும் பழக்கினார். காலையில் ரேச்சல், பின்னேரம் நான். சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கி இருந்து பாடம் நடத்தவேண்டும். என்னில் ஹெலன் கண்ட குறை வாய்தான். “வசந்தி, நீங்கள் இப்போது ஒரு கட்டுரையே சொல்லிவிட்டீர்கள். ஒரு சொல் போதும்” என்பார். இத்தனை நாள் பூட்டிக்கிடந்த வாய். அதை ஒரு சொல்லில் நிறுத்துவது பெரிய பாடு.

முதல் கிழமைகள் மோசமாகப் போயின. ஹெலன் சொன்னதுபோலவே ஜூஸ் போனது. பபுளும் போனது. மதுரா கோப்பையைத் தள்ளினாள், படங்களைத் தட்டிவிட்டாள். என் தமிழுக்கும் திரும்பவில்லை.

“உம்மடை பிடிவாதத்தாலை இருந்ததும் போச்சுது” என்றார் குகன்.

எனக்கும் நெஞ்சுக்குள் பயம்தான். ஹெலன் வந்து பார்த்தார். நிறுத்து என்று சொல்வார் என்று நினைத்தேன். “இன்னும் கோடை வரவில்லையே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ரேச்சல் அறியாத சொல்

அது நடந்த காலை, யன்னலைத் திறந்துவைக்கக்கூடிய வெயில் வந்திருந்தது. நான் குசினியில் பருப்புக் கறி கிண்டிக்கொண்டிருந்தேன். ரேச்சல் மண்டபத்தில் மரத்துண்டுகளை அடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

“போடு” என்றாள் ரேச்சல்.

“ஏலா” என்றது மதுராவின் குரல்.

“போடு, மதுரா.”

“ஏலா.”

என் கையிலிருந்த அகப்பை நின்றது. ரேச்சலுக்கு அது வெறும் சத்தம். மதுரா அப்படி எத்தனையோ சத்தம் போடுவாள். ரேச்சல் பிள்ளையின் கையைப் பிடித்து மரத்துண்டைப் போடவைக்கப் போனாள். நான் குசினி எல்லையைத் தாண்டி மண்டபத்துக்குள் ஓடினேன்.

“நில்லும் ரேச்சல். அவள் ஏலாது என்கிறாள்.”

“அது என்ன சொல்? நாங்கள் படிப்பித்ததா?”

இல்லை. அது, முடியாது என்பதற்கு நான் தொலைபேசியில் தங்கச்சிக்குச் சொல்லும் சொல். நாளைக்கு வர ஏலாது, இந்தக் குளிருக்குள்ளை ஏலாது. தமிழ் திரும்பி வந்த வீட்டில் நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த சொல். யாரும் மேசையில் வைத்துக் கொடுக்காத அந்தச் சொல்லை அவள் காற்றிலிருந்து எடுத்திருந்தாள். சரியான இடத்தில் வைத்துமிருந்தாள்.

அதன் பொருளை ரேச்சலுக்குச் சொன்னேன். அவள் மரத்துண்டைக் கீழே வைத்தாள். எழுந்து மேசையைப் பின்னுக்கு இழுத்து வழிவிட்டாள். “சரி மதுரா, ஏலாது” என்றாள்.

மதுரா இறங்கி, யன்னலடிக்கு நடந்து போனாள். ஓடவில்லை. அலுவல் முடிந்த பெரிய மனுசி மாதிரி நடந்தாள்.

அன்றைக்கே ரேச்சல் ஹெலனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஹெலன் எங்களுக்குச் சொன்ன பதில் இன்றும் எனக்குப் பாடம். “அவள் வேண்டாம் என்று வாயால் சொன்னால், அந்தச் சொல் வேலைசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவள் ஏன் இன்னொரு சொல்லைப் பேசப்போகிறாள்?”

பின்னேரம் குகன் வந்து, வழக்கம்போல “மதுரா, வா” என்றார். அவள் நிமிராமல் “ஏலா” என்றாள்.

குகன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மனிதர் சாப்பாட்டுப் பெட்டியோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு தொலைபேசியை எடுத்து லண்டனில் இருந்த தமையனுக்கு அடித்தார். “அண்ணை, என்ரை பிள்ளை எனக்கு ஏலாதெண்டு சொல்லிப்போட்டாள்” என்று சொன்னார். பரிசு வாங்கின பிள்ளையின் தகப்பன் பேசும் குரல் அது. அந்தப் பக்கத்தில் தமையனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

கோடை வந்தது. நிறுத்தும் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு தகப்பன்

சொற்கள் வந்தபின் வேறொரு சிக்கல் வந்தது. “தண்ணி குடிக்கிறியோ?” என்று நான் கேட்டால், மதுராவும் “குடிக்கிறியோ” என்பாள். தாகம் வந்தால் என்னிடம் வந்து நின்று “தண்ணி குடிக்கிறியோ” என்பாள். கேள்வியே அவளுக்குப் பதில். ‘நான்’ என்பது எங்கேயும் இல்லை.

“குடிப்பன் எண்டு சொல்லு” என்றேன். “குடிப்பன் எண்டு சொல்லு” என்றாள் முழுதாக.

ஹெலனுக்கு ஆங்கிலத்தில் இதைத் திருத்தும் வழி தெரியும். அங்கே ‘நான்’ ஒரு தனிச் சொல். தமிழில் அது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்பதை நான் அவருக்கு விளக்கினேன். குடிப்பன், வருவன், சாப்பிடுவன். வால் மாறினால் ஆள் மாறும். ஹெலன் ஆர்வமாகக் கேட்டார். பிறகு ஒரு வழி சொன்னார். கேட்கிற ஆள் விடையைச் சொல்லக்கூடாது. விடை இன்னொருவரிடமிருந்து, பிள்ளையின் பக்கத்திலிருந்து வரவேண்டும்.

அதற்கு ஆள் குகன்தான். சின்னக் கதிரைக்குப் பின்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருப்பார். நான் முன்னால் இருந்து “குடிக்கிறியோ?” என்று கேட்பேன். அவர் மகளின் காதுக்குள் “குடிப்பன்” என்பார். மதுரா “குடிப்பன்” என்பாள். உடனே தண்ணீர் கிடைக்கும்.

நாள் போகப்போக அவர் குரலைக் குறைத்தார். பிறகு முதல் எழுத்தை மட்டும் சொன்னார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பின்னால் இருந்தார். பிறகு ஒரு முழம் தள்ளி இருந்தார். எட்டு மணித்தியாலம் இயந்திரத்தின் முன் நின்ற கால்கள் அவை. ஒருநாளும் அவர் ஏலாது என்று சொன்னதில்லை. குடிப்பன், வருவன், சாப்பிடுவன், தருவன் என்று மேசையில் வைத்துப் படிப்பித்த வினைகள் அவளிடம் நிலைத்தன.

மதுராவுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. ஓட்டிசம் அவளை விட்டுப் போகவில்லை, போகவேண்டும் என்று நாங்களும் இப்போது நினைப்பதில்லை. ரொட்டியும் கேக்கும் சுடும் ஒரு வெதுப்பகத்தில் காலை வேலை செய்கிறாள். சனம் கூடினால் காதை மூடும் கருவி போட்டுக்கொள்வாள். இரண்டு மொழி பேசுகிறாள், இரண்டிலும் சிக்கனமாக. அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதுங்கோ, ஆனால் கனக்க எழுதாதேங்கோ” என்றாள்.

ஆகவே இன்னும் ஒன்று மட்டும்.

மோர்னிங்சைட் கடையில்

அவள் ஏலாது சொன்னதற்கு அடுத்த வருடம், வெயில் காலம். மோர்னிங்சைட் பக்கம் ஒரு தமிழ்க் கடைக்கு மதுராவைக் கூட்டிக்கொண்டு போனேன். கறிவேப்பிலையும் கருவாடும் மணக்கும் ஒடுங்கிய கடை. முன்பென்றால் அவளை அங்கே கூட்டிப்போகமாட்டேன். குளிர்ப்பெட்டியின் இரைச்சலுக்கே நிலத்தில் விழுந்துவிடுவாள்.

அன்று மாம்பழப் பெட்டிகளின் முன் நின்று, பழங்களின் மேல் ஒட்டியிருந்த சின்னச் சின்ன வட்ட முத்திரைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்தில் முன்பு இருந்த ஓர் அன்ரி பின்னால் வந்தார். நல்ல மனம் உள்ளவர்தான். மதுராவின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பாவம் என்ன வசந்தி, இந்தப் பிள்ளை இன்னும் கதைக்காதோ?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

“கதைப்பன்” என்றாள் மதுரா.

அன்ரியைப் பார்த்துச் சொல்லவில்லை. மாம்பழத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். விரலும் முத்திரையை விட்டு எடுபடவில்லை. ஆனால் சொல் தெளிவாக, ஓர் எழுத்தும் குறையாமல் வந்தது.

அன்ரி கையை வாயில் வைத்தார். பிறகு குனிந்து, இம்முறை அவளிடமே கேட்டார். “ஓமோ குஞ்சு? மாம்பழம் சாப்பிடுவியோ?”

“சாப்பிடுவன்.”

நான் ஒரு பெட்டி முழுதும் வாங்கினேன். கடைவாசலில் பொதுத் தொலைபேசி இருந்தது. ஒரு கையில் மாம்பழப் பெட்டி, மறு கையில் மகள். பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு ரேச்சலின் வீட்டுக்கு அடித்தேன். அவள் எடுத்ததும் நடந்ததைச் சொன்னேன். என் ஆங்கிலம் அன்று நொண்டவில்லை.

“கதைப்பன்” என்று ரேச்சல் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். “அது எங்கள் சொற்களில் இல்லையே. மேசையில் நாங்கள் அதை வைத்ததே இல்லை. வசாந்தி, யார் அதைச் சொல்லிக்கொடுத்தது?”

“ஒருத்தரும் இல்லை” என்றேன். “வாலை மாற்றி அவளாகத்தான் செய்தாள்.”